உயில் உரைக்கும் வரலாறு

ஒரு குடும்பத்தின் நினைவு எத்தனை தலைமுறைகளுக்கு நிலைத்து நிற்கும்? தந்தையின் பெயரை அறியாதார் இல்லை. பாட்டனின் பெயரையும் பலர் அறிவர். பூட்டனின் பெயரைக் கேட்டால் சிலரே விடை பகர்வர். அதற்கு அப்பால் பெரும்பாலும் இருளே சூழ்ந்து நிற்கின்றது. அரசர்களின் புகழை மெய்க்கீர்த்திகள் எடுத்துரைக்கின்றன. போரில் வீழ்ந்த வீரர்களின் பெயரை நடுகற்கள் தாங்கி நிற்கின்றன. ஆனால், உழுதும் விதைத்தும், நூல் நூற்றும், மரம் அறுத்தும் வாழ்ந்து மறைந்த எளிய மக்களின் பெயரை எடுத்துரைப்பது எது?

வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் இவ்வினாவிற்கு விடையளிக்கும் பழைய ஏடுகள் பல உள்ளன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். அக்குடியேற்ற நாடுகளில் வாழ்ந்தவர்கள் தம் இறுதிக் காலத்தில் எழுதி வைத்த உயில்களே அவ்வேடுகள். மரண சாசனம் என்றும் வழங்கும் உயில், சொத்தைப் பங்கிடுவதற்காக எழுதப்பட்டது. வரலாற்றை உரைப்பதற்காக எழுதப்பட்டதன்று. எனினும், ஒருவர் தம் உடைமையைப் பங்கிடும்போது, அதைப் பெறுவோரைப் பெயர் சொல்லிக் குறித்தே ஆக வேண்டும். அதனால், சொத்துக்காக எழுதிய ஏடு சுற்றத்துக்கும் சான்றாயிற்று. அச்சான்று எதைக் கூறும், எதைக் கூறாது விடும், யாருடைய பெயரைத் தன்னுள் கொண்டிருக்கும் என்பனவற்றை ஆராய்ந்து அறிதல் பயனுடையதாகும்.

உயில் எழுதிய முறை

1607-ஆம் ஆண்டில் வர்ஜினியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரை ஆங்கிலேயர் அமைத்தனர். அதன்பின் கடற்கரை நெடுகிலும் குடியேற்றங்கள் பெருகின. அவற்றுள் பதின்மூன்று, 1776-ஆம் ஆண்டில் விடுதலை முழக்கம் செய்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆயின. குடியேறியோர் தம் தாய்நாட்டின் சட்டங்களையும் வழக்கங்களையும் உடன் கொண்டு சென்றனர். உயில் எழுதும் வழக்கமும் அவற்றுள் ஒன்றாகும்.

நோய்ப்படுக்கையில் விழுந்த பின்னரே உயில் எழுதியோர் பலர். எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் எழுதுவார். உயில் இறைவன் பெயரோடு தொடங்கும். உடல் நலிந்திருப்பினும் அறிவும் நினைவும் தெளிவாகவே உள்ளன என்னும் உறுதிமொழி அடுத்து வரும். உயிரை இறைவனுக்கும் உடலை மண்ணுக்கும் ஒப்படைத்த பின்னர், பொருள்களின் பங்கீடு தொடங்கும். நிலம் இன்ன மகனுக்கு, கறவைப்பசு இன்ன மகளுக்கு, கட்டிலும் மெத்தையும் மனைவிக்கு என்று அது தொடரும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பினை ஏற்பவர் பெயரும் அதில் குறிக்கப்படும். எழுதுவித்தவர் முடிவில் கையொப்பமிடுவார். எழுத்தறியாதவர் ஒரு கீறலையோ, ஒரு குறியையோ இடுவார். அருகிலிருந்த சான்றாளர்களும் தம் பெயரை வரைவர்.

அவர் இறந்தபின் அவ்வுயில் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லப்படும். வர்ஜினியாவில் கவுண்டி எனப்படும் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு நீதிமன்றம் இருந்தது. சான்றாளர்கள் அங்கே தோன்றி, உயில் உண்மையானதே என்று ஆணையிட்டு உரைப்பர். நீதிமன்ற எழுத்தர் அதனைப் பெரிய பதிவேடு ஒன்றில் படியெடுத்துக்கொள்வார். மூல உயில் பின்னாளில் சிதைந்து போனாலும், பதிவேட்டில் உள்ள படி நிலைத்திருத்தல் உண்டு. பின்னர், நீதிமன்றத்தாரால் அமர்த்தப்பெற்ற ஊரார் சிலர், இறந்தவரின் வீட்டிற்குச் சென்று, பானை முதல் கலப்பை வரை ஒவ்வொரு பொருளையும் எண்ணி விலை மதித்துப் பட்டியல் எழுதுவர். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தாலும், அவர் உடைமைகளை ஆளும் பொறுப்பினை நீதிமன்றம் அவருடைய உறவினர் ஒருவருக்கோ பிறருக்கோ அளித்துப் பதிவு செய்யும். இவ்வாறு, ஒருவருடைய இறப்பினால் பல ஏடுகள் பிறந்தன.

அரிய சான்று

இவ்வேடுகளுக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே ஒழுங்காகப் பதிவு செய்யும் முறை அந்நாளில் பல இடங்களில் நிலைபெறவில்லை. திருச்சபைகள் வைத்திருந்த பதிவேடுகளுள் பல அழிந்து போயின. 1790-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் மக்கட்கணக்கு எடுக்கப்பட்டது. அதிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றையோர் வெறும் எண்ணிக்கையாகவே நின்றனர். உரிமையுடைய மக்கள் அனைவருடைய பெயரும் 1850-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் முதன்முதல் இடம்பெற்றன.

உயிலோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பெயர்களைத் தொகுத்து வைத்தது. மணமாகிச் சென்ற பெண் தந்தையின் குடிப்பெயரை விடுத்துக் கணவனின் குடிப்பெயரை ஏற்பது ஆங்கிலேயர் வழக்கம். அதனால், திருமணத்திற்குப் பின் அவள் வரலாற்றைத் தொடர்வது கடினம். தந்தையின் உயில், அவளைக் கணவனின் குடிப்பெயரோடு சேர்த்து, ‘என் மகள்’ என்று குறிக்கும்போது, அறுந்த நூல் மீண்டும் இணைகின்றது. அவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு கன்றுக்குட்டியைப் பாட்டன் எழுதி வைத்திருப்பாராயின், மூன்று தலைமுறைகள் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

ஆயினும், எல்லாரும் உயில் எழுதினார்கள் எனக் கொள்ளுதல் கூடாது. பங்கிடப் பொருள் இல்லாத ஏழைக்கு உயில் எதற்கு? கணவன் உயிரோடு இருக்கையில், அவன் இசைவின்றி மனைவி உயில் எழுதுதல் பொதுவாகச் செல்லுபடியாகாது. ஆகவே, பெண்கள் எழுதிய உயில்களுள் பெரும்பாலானவை கைம்பெண்களும் மணமாகாதோரும் எழுதியவையே.

ஒரு பெருமகனின் முன்னோர்

உயில்களைக் கொண்டு ஒரு குடிவழியை எங்ஙனம் அறிவது என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் குடியரசுத் தலைவர். அவருடைய தந்தை அகஸ்டின்; பாட்டன் லாரன்ஸ்; பூட்டன் ஜான். பூட்டனாகிய ஜான் 1657-ஆம் ஆண்டளவில் கப்பற் பணியாளராக வர்ஜினியாவிற்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். லாரன்ஸ் என்னும் பெயருடைய அவர் தம்பியும் பின்னர் வந்து சேர்ந்தார். இவ்வளவும் வர்ஜினியா ஏடுகளால் விளங்கும். ஆனால், கடலுக்கு அப்பால், இங்கிலாந்தில், அவ்விருவரும் யாருடைய மக்கள்?

லண்டனில் குடிவழிகளையும் குடிச்சின்னங்களையும் ஆராயும் அலுவலில் அமர்ந்திருந்த ஐசக் ஹேர்டு என்பார், 1791-ஆம் ஆண்டில் இதனைப் பற்றி வாஷிங்டனுக்கே கடிதம் எழுதினார். வாஷிங்டன் தமக்குத் தெரிந்த செய்திகளை எழுதி, இத்துறையில் தாம் மிகுந்த கவனம் செலுத்தியதில்லை என்றும் தெரிவித்தார். இங்கிலாந்தில் சல்கிரேவ் என்னும் ஊரைச் சார்ந்த வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். அவர்களே வர்ஜினியாவிற்கு வந்தவர்கள் என்று ஹேர்டு முடிவு செய்தார். பெயர்கள் பொருந்தின, உறவும் பொருந்தியது. ஆகவே, பலரும் அம்முடிவை நெடுங்காலம் ஏற்றிருந்தனர்.

1866-ஆம் ஆண்டில் ஜோசப் செஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளர் அதை மறுத்தார். சல்கிரேவ் குடும்பத்து ஜான், ‘சர்’ பட்டம் பெற்ற பெருமகனார்; அவர் உடன்பிறந்த லாரன்சோ, பர்லீ என்னும் ஊரில் திருச்சபைக் குருவாக இருந்தவர். இருவரும் அமெரிக்காவிற்குச் சென்றவர்களல்லர் என்று அவர் நிறுவினார். பெயர் ஒற்றுமை ஒன்றையே நம்பிக் கட்டிய வீடு இவ்வாறு சரிந்தது. எனினும், உண்மையான தந்தை யாவர் என்பது அப்போதும் விளங்கவில்லை.

அந்நாளில் பாஸ்டன் நகரில் 1845-ஆம் ஆண்டு முதல் குடிவழி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று இயங்கி வந்தது. அச்சங்கத்தின் சார்பில் ஹென்றி வாட்டர்ஸ் என்பார் 1883-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் தங்கிப் பழைய உயில்களைப் பக்கம் பக்கமாகப் படித்து வந்தார். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பெயர் எங்கேனும் தென்படுமா என்பதே அவர் நாட்டம். டிரிங் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆண்டுரு நோலிங் என்பவரின் உயில் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. நோலிங், வாஷிங்டன் என்னும் குடிப்பெயர் உடையவரல்லர். ஆனால், அவர் தம் உயிலில், பர்லீயைச் சார்ந்த குரு லாரன்ஸ் வாஷிங்டனின் மனைவி ஆம்பிலிஸ் என்பவருக்குப் பணம் அளித்திருந்தார். இளைய லாரன்ஸ் வாஷிங்டனைத் தம் ஞானமகன் என்று கூறி, நிலத்தையும் அளித்திருந்தார். ஆம்பிலிசின் மற்ற மக்களாகிய ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஆகியோருக்கும் பணம் எழுதி வைத்திருந்தார். பின்னர் ஆம்பிலிஸ் உயில் எழுதாமல் இறந்தபோது, அவர் உடைமைகளை ஆளும் உரிமை மகனாகிய ஜானுக்கு அளிக்கப்பட்டமையும் மற்றோர் ஏட்டால் தெரிய வந்தது.

இப்போது வர்ஜினியா உயில்களை இவற்றோடு ஒப்பிட்டனர். 1675-ஆம் ஆண்டில் ஜான் வாஷிங்டன் எழுதிய உயிலில், இங்கிலாந்திலிருந்து வந்த தங்கை மார்த்தாவுக்குப் பணமும் நாலாயிரம் பவுண்டு நிறையுள்ள புகையிலையும் அளிக்கப்பட்டிருந்தன. அந்நாளில் வர்ஜினியாவில் புகையிலை நாணயம் போல வழங்கியது. மார்த்தா 1697-ஆம் ஆண்டில் எழுதிய உயிலிலே, மூத்த தமக்கை எலிசபெத்துக்கும், மற்றோர் உடன்பிறந்தாளாகிய மார்கரெட்டுக்கும் புகையிலை விட்டுச் சென்றார். டிரிங்கில் எழுதிய உயிலில் காணும் பெயர்களும் வர்ஜினியாவில் எழுதிய உயில்களில் காணும் பெயர்களும் ஒரே குடும்பத்தைச் சுட்டின. 1889-ஆம் ஆண்டில் வாட்டர்ஸ் தம் முடிவை வெளியிட்டார். ஹேர்டு யாரைக் கடல் கடந்தவர் என்று கருதினாரோ, அந்தக் குருவாகிய லாரன்சே கடல் கடந்த உடன்பிறந்தாரின் தந்தை என்பது வெளிப்பட்டது. ஹேர்டு ஒரே ஒரு தலைமுறை பிழைபட்டிருந்தார்.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இங்கிலாந்தில் போர் மூண்டிருந்த 1643-ஆம் ஆண்டில், குரு லாரன்ஸ் தம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குடும்பம் வறுமையுற்றது. மைந்தர் கடல் கடந்து பிழைப்புத் தேடியதன் காரணமும் இதனால் ஒருவாறு விளங்குகின்றது.

இவ்வாராய்ச்சி புகட்டும் நெறிகள் இரண்டு. ஜான் என்னும் பெயருடையோர் இங்கிலாந்தில் எண்ணற்றவர். ஒரு பெயரின் ஒற்றுமை சான்றாகாது. உடன்பிறந்தார் பலருடைய பெயர்களும், அவர்களின் உறவும், காலமும் ஒருங்கே பொருந்தினால் அதுவே சான்றாகும். மேலும், ஒரு குடும்பத்தைப் பற்றிய உண்மை அக்குடும்பத்தார் உயிலில்தான் கிடைக்கும் என்பதில்லை. அயற்பெயருடையவர் உயிலிலும் மறைந்திருத்தல் கூடும்.

சொல்லும் பொருளும்

பழைய உயிலைப் படிப்போர் சொற்களின் பொருளில் விழிப்பாயிருத்தல் வேண்டும். நோலிங் தம் உயிலில் ஆம்பிலிசை ‘மருமகள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்துள்ளார். இன்றைய பொருளை வைத்து நோக்கினால், அவர் நோலிங்குடைய மகனின் மனைவி ஆதல் வேண்டும். ஆனால், அந்நாளில் அச்சொல், மனைவிக்கு முன்கணவனிடம் பிறந்த மகளையும் குறித்தது. ஆம்பிலிஸ் அத்தகைய மகளே. நோலிங் அவருடைய தாயின் இரண்டாம் கணவர். இதனை உணராதவர் குடிவழியைத் திசைமாற்றி எழுதிவிடுவர்.

இன்று மாமன், அத்தை, சிற்றப்பன் மக்களைக் குறிக்கும் ‘கசின்’ என்னும் ஆங்கிலச் சொல், அன்று அண்ணன் தம்பியர், அக்காள் தங்கையர் ஆகியோரின் மக்களையும் குறித்தது. ஓர் ஊரில் ஒரே பெயருடைய இருவரைப் ‘பெரியவர்’, ‘இளையவர்’ என்று பிரித்துக் கூறினால், அவர்கள் தந்தையும் மகனும் என்று கொள்ளுதல் கூடாது. உறவே இல்லாத இருவராகவும் இருக்கலாம். சட்ட ஏடுகளில் ‘குழந்தை’ என்னும் பொருளுடைய சொல், 21 ஆண்டு நிரம்பாத அனைவரையும் குறித்தது. எனவே, ஏர் பிடித்து உழுத 20 வயது இளைஞனும் ஏட்டில் குழந்தையே!

உயில் ஒருவருக்கு ஒரே ஒரு ஷில்லிங்கு அளித்திருந்தால், தந்தை அம்மகனை வெறுத்தார் என்று முடிவு செய்வோர் உளர். ஷில்லிங்கு என்பது பவுனில் இருபதில் ஒரு பங்கு. அம்மகன் திருமணத்தின்போதே தன் பங்கைப் பெற்றிருக்கலாம். அவனை மறந்துவிடவில்லை என்று காட்டுதற்கே ஷில்லிங்கு எழுதப்பட்டிருக்கலாம். அங்ஙனமே, உயிலில் பெயர் இல்லாத மகன் பிறக்கவே இல்லை என்று கூறுதலும் தவறு. உயில் எழுதாத நிலம் மூத்த மகனையே சாரும் என்னும் சட்டம் வர்ஜினியாவில் இருந்தது. 1785-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமே அதனை ஒழித்தது. ஆகவே, சட்டத்தால் பெறக்கூடிய மூத்த மகனைப் பற்றி உயில் ஒன்றும் கூறாது விடுதலும் உண்டு. உயில் கூறுவது சான்று, கூறாமை சான்றன்று.

ஆண்டு எண்ணும் முறையிலும் இடர் உண்டு. 1752-ஆம் ஆண்டிற்கு முன்னர் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச்சு 25-ஆம் நாளில் பிறந்தது. ஆதலால், 1740 டிசம்பரில் எழுதிய உயில் 1740 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது என்று ஏடு கூறினால், எழுதுமுன்னரே ஏற்கப்பட்டதோ என்று மருள வேண்டுவதில்லை. அந்த ஜனவரி இன்றைய கணக்கில் 1741-ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஆண்டும் மாறியது, நாளும் மாறியது, பிறந்தவர் ஒருவரே.

உடைமைப் பட்டியலில் உயிர்கள்

இதுவரை கூறியவை நிலமும் உரிமையும் உடையோரின் குடிவழி பற்றியன. அந்நாடுகளில் உரிமையே இல்லாத மக்களும் இருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரும் அவர்கள் வழிவந்தோரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் உயில் எழுத இயலாது. ஏனெனில், சட்டத்தின் கண்ணில் அவர்களே பிறருடைய சொத்து. 1743-ஆம் ஆண்டில் அகஸ்டின் வாஷிங்டன் இறந்தபோது, பதினொரு வயதுச் சிறுவனாகிய ஜார்ஜுக்கு நிலத்தோடு பத்து அடிமைகளும் உயிலின்படி வந்து சேர்ந்தனர்.

அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் ஒழிந்தது. முன்னர் அடிமைகளாக இருந்தோரின் பெயர்கள் நாடு முழுவதும் மக்கட்கணக்கில் எழுதப்பட்டது 1870-ஆம் ஆண்டிலேதான். 1850, 1860-ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்குகளில் உடையவரின் பெயர் இருக்கும். அடிமையின் வயதும், ஆண் பெண் என்னும் குறிப்பும் இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. ஆகவே, இன்று தம் முன்னோரைத் தேடும் கறுப்பின மக்கள், 1870-ஆம் ஆண்டை அடைந்தவுடன் பெருஞ்சுவர் ஒன்றின்முன் நிற்கின்றனர். அச்சுவரைக் கடக்க உதவும் வழிகளுள் முதன்மையானது, முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்தவர் எழுதிய உயிலும், அவர் வீட்டுப் பொருட்பட்டியலுமே ஆகும். அங்கே அவர்களின் பெயர்கள் உள்ளன. பசுவுக்கும் கொப்பரைக்கும் இடையே, விலை மதிப்போடு, பாட்டியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். உயிலில் ஒரு தாயும் அவள் குழந்தையும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தால், அவ்வொரு வரியே ஒரு குடும்பத்தின் தொடக்கமாக விளங்கும்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ஆம் ஆண்டு ஜூலையில் தம் உயிலை எழுதினார். அதே காலத்தில், மவுண்ட் வெர்னன் என்னும் தம் பண்ணையில் இருந்த அடிமைகளின் பட்டியல் ஒன்றையும் வகுத்தார். யார் என்ன வேலை செய்தனர், யாருக்கு யார் கணவன் அல்லது மனைவி, எக்குழந்தை எத்தாயுடையது என்பன அதில் உள்ளன. அங்கே இருந்தோர் 317 பேர். அவருள் 123 பேர் வாஷிங்டனுக்கு உரியவர். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதற்கணவர் சொத்தைச் சார்ந்தவர். மற்றையோர் பெரும்பாலும் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர். தமக்குரிய அடிமைகள், மனைவியின் காலத்திற்குப் பின் விடுதலை பெறுதல் வேண்டும் என்று அவர் எழுதினார். தம்முடன் போர்க்களத்தில் பணிபுரிந்த வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனே விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் அளித்தார். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அவர் இறந்தார். மார்த்தா தம் மறைவு வரை காத்திராமல், 1801 ஜனவரி முதல் நாளன்றே அவருக்குரிய அடிமைகளை விடுவித்தார்.

ஆனால், 153 பேரின் நிலை யாது? மார்த்தாவின் முதற்கணவர் 1757-ஆம் ஆண்டில் உயில் எழுதாமல் இறந்தவர். அத்தகைய கணவனின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, கைம்பெண்ணின் வாழ்நாள் வரை அவள் பயன்பாட்டில் இருக்கும்; விற்கவோ விடுவிக்கவோ அவளுக்கு உரிமையில்லை. ஆகவே, வாஷிங்டனும் அவர்களை விடுவிக்க இயலவில்லை. மார்த்தாவும் விடுவிக்க இயலவில்லை. இரு பகுதியாரும் பல்லாண்டுகள் ஒரே பண்ணையில் வாழ்ந்து, தம்முள் மணந்துகொண்டவர்கள். கணவன் விடுதலை பெற, மனைவியும் மக்களும் அடிமையாகவே இருக்க நேர்ந்த குடும்பங்கள் பல. 1802-ஆம் ஆண்டில் மார்த்தா இறந்தபின், எஞ்சியோர் அவர் பேரர் பேர்த்தியர் நால்வருக்குப் பங்கிடப்பட்டனர். ஒரு குடும்பத்தின் உறவை இணைத்துக் காட்டும் அதே சட்டம், மற்றொரு குடும்பத்தின் உறவைப் பிரித்தது. ஆயினும், அன்று எழுதிய அப்பட்டியல் இன்று பிரிந்தோரின் வழித்தோன்றல்களுக்குத் தம் முன்னோரின் பெயரை மீட்டுத் தருகின்றது.

ஏடுகளின் காவல்

ஏடு இருந்தாலன்றோ இவ்வளவும் அறியக் கூடும்? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வர்ஜினியாவின் சில கவுண்டிகள் தம் பதிவேடுகளைக் காப்பதற்காகத் தலைநகராகிய ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3-ஆம் நாள் அந்நகரில் மூண்ட பெருந்தீ, காக்க அனுப்பிய ஏடுகளையே எரித்தது. மார்த்தா வாஷிங்டனின் உயில் அப்போரின்போது நீதிமன்றத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. பின்னர் மார்கன் என்னும் பெருஞ்செல்வரின் தொகுப்பை அடைந்தது. அது பொதுமக்களின் ஏடு என்று வர்ஜினியா வழக்குத் தொடுத்தது. 1915-ஆம் ஆண்டில் உயில் மீண்டு வந்தது.

ஓர் ஊரின் ஏடு அழிந்தாலும் உண்மை முழுதும் அழிந்துவிடுவதில்லை. இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்த குடியேறியவர்களின் உயில்கள் லண்டனிலிருந்த பெரிய நீதிமன்றத்திலும் பதிவாயின. 1858-ஆம் ஆண்டு வரை அங்கே பதிவான பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட உயில்கள், இன்று இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யூட்டா மாநிலத்தைச் சார்ந்த குடிவழிச் சங்கம் 1938-ஆம் ஆண்டில் பழைய பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் பதியத் தொடங்கியது. இன்று அத்தகைய படிகள் பலவற்றைக் கணினித் திரையிலேயே படிக்க முடிகின்றது. படி எளிதில் கிடைத்தாலும், ஒப்பிட்டு ஆராயும் உழைப்பு முன்போலவே தேவைப்படுகின்றது.

அவ்வுழைப்பின் நெறி எளியது. அறிந்த தலைமுறையிலிருந்து அறியாத தலைமுறைக்கு ஒவ்வொரு படியாக ஏறுதல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஏட்டைச் சான்றாகக் காட்டுதல் வேண்டும். ஒரு சொல்லின் பொருளை அச்சொல் எழுதப்பட்ட காலத்தை வைத்துக் கொள்ளுதல் வேண்டும். பெருமையுடைய முன்னோர் ஒருவரைக் கண்டுவிட வேண்டும் என்னும் ஆவலினால், பொருந்தாத பெயரைப் பொருத்திவிடுதல் கூடாது. தேடியவர் குருவின் வழிவந்தவராகவும் இருக்கலாம், அடிமையாக விலை மதிக்கப்பட்டவரின் வழிவந்தவராகவும் இருக்கலாம். இருவருக்கும் உரியது ஒன்றே: தம்மவர் இன்னார் என்று ஐயமின்றி அறியும் உரிமை. பசுவையும் கட்டிலையும் பங்கிட எழுதிய ஏடுகள், இன்று அவ்வுரிமைக்குத் துணை நிற்கின்றன.